முதல் கை என் வண்டிக்குத்தான்

கவர் அந்த டேஷ்போர்டு டப்பாவுக்குள் இல்லை டீச்சரம்மா. கதவுப் பக்கம் பாருங்க, தண்ணி பாட்டில் வைக்கிற இடத்தில் ஒரு கட்டு சொருகி வைத்திருக்கிறேன். ஆங், அதுதான். ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்க. கூச்சப்படாதீங்க. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை வருகிறவர்களுக்கு ஆறாவது வளைவிலேயே குடல் தொண்டைக்கு வந்துவிடும். வாந்தி ஒன்றும் எனக்குப் புதுசில்லை.

அதை மட்டும் எடுக்காதீங்க. அந்தக் கறுப்புப் பெட்டியை. உள்ளே போட்டு டப்பாவை மூடிவிடுங்க. இந்தாங்க துணி, கையைத் துடைத்துக்கொள்ளுங்க. அழுக்கில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் துடையுங்க.

போன் இல்லை. போன் மாதிரி இருக்கும். ட்யூனர் என்று பேர். வாலில் ஒரு ஒயர், ஒயர் நுனியில் அகலமாக ஒரு வாய். ஸ்டியரிங்குக்கு அடியில், முழங்காலுக்கு நேராக, எல்லாக் காரிலும் ஒரு துவாரம் இருக்கிறது. அங்கே அந்த வாயை வைத்து அமுக்கினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். இந்தக் காலத்து என்ஜினுக்கு மூளை இருக்கிறதாம், அந்த மூளைக்குள் போய் புதுப் பாடம் சொல்லிக்கொடுக்குமாம். பத்தே நிமிஷம். அப்புறம் வண்டி முன்னைவிட இழுக்கும், மேடு ஏறும். சொன்னார்கள். நான் அதற்கு வைத்த பேர் அட்டை. எங்க ஊர் அட்டையைப் பார்க்கப்போகிறீங்க, மழை விட்டதும் பள்ளிக்கூட வாசலுக்கே வரும். சத்தமில்லாமல் காலில் ஏறி, ஒட்டி, குடித்து, குண்டாகி, தானே விழும். அதே சாதிதான் இதுவும். சீ.

என் பேர் வெள்ளைத்துரை. நிறத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை. எங்கப்பா எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினவர், துரையைப் பார்த்த ஆசையில் வைத்துவிட்டார். வால்பாறை டாக்சி ஸ்டாண்டில் எனக்கு இது முப்பத்தோராவது வருஷம். முதல் ஆள் நான்தான். முதல் ஆள் என்றால் வரிசையில் மட்டுமில்லை. எங்க ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கை என்று சொல்வோம். ஸ்டாண்டுக்குப் பொதுவாக எது வாங்கினாலும், இழுவைக் கயிறாகட்டும், ஜாக்கியாகட்டும், தார்ப்பாயாகட்டும், முதலில் என் வண்டியில் தொட்டுவிட்டுத்தான் மற்ற வண்டிக்குப் போகும். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, முதல் கை. இது வந்த நாளிலிருந்து எங்க ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூடப் பள்ளத்தில் போனதில்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்க யாரையும் கேட்கலாம். இப்போது கேட்டால் சொல்லமாட்டார்கள், அது வேற விஷயம்.

இது ஒன்பதாவது வளைவு. கீழே பாருங்க, அணைத் தண்ணீர். இல்லை, பார்க்காதீங்க, தலை சுற்றும்.

ஜெயசீலன் என்று ஒருத்தன். எங்க ஸ்டாண்டுதான். நல்ல பையன் என்று சொல்வேன், ஆனால் முப்பத்தைந்து வயசு, இரண்டு பெண் குழந்தைக்கு அப்பன், பையனென்ன பையன். கைமாறின கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நிரந்தர ஓட்டம் கிடைத்தது. கிட்னி போன மூன்று பேர். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை பொள்ளாச்சிக்கு அழைத்துப்போய், மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி முடித்ததும், சாயங்காலம் மேலே கொண்டுவந்து விட வேண்டும். அவன் குடும்பமே அந்த ஓட்டத்தில்தான் சாப்பிட்டது. அது நடந்தால் அவன் இங்கே இருப்பான், நடக்காவிட்டால் மலை இறங்க வேண்டியதுதான், அவ்வளவுதான் அவன் நிலைமை.

ஆனால் வண்டி சவலை. நோயாளி மூன்று பேர், கூட வருகிறவர் ஒருத்தர், இவன். ஏ.சி. போட்டால் ஏறாது. ஏ.சி.யை நிறுத்தினாலும் முப்பதாவது வளைவு தாண்டி மூச்சு வாங்கும். வளைவில் நின்றுவிடும். அப்புறம் நோயாளிகளை இறக்கி, நடக்கவிட்டு, வெறும் வண்டியை மேலே ஏற்றி, மறுபடி உட்காரவைப்பான். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட்ட ஜனங்க டீச்சரம்மா. அவங்களை மலை ஏறச் சொன்னால் எப்படி? பார்க்கவே அருவருப்பாக இருக்கும். வேற வண்டி பார்க்கவேண்டியதுதான் என்று நோயாளி வீட்டார் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவன் இந்த அட்டையைப் பற்றி எங்கேயோ கேட்டுவிட்டு வந்தான். தனியாக வாங்க முடியாது. ஸ்டாண்டுக்குப் பொதுவாக வாங்கலாம், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளலாம், கயிறு மாதிரி, ஜாக்கி மாதிரி, எல்லா வண்டியும் பயன்படுத்தலாம் என்றான். எங்க செயலாளர் காதர் மைதீன். அவன் தலைமையில் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். வாங்குவதா வேண்டாமா, மூன்று நாள் பேச்சு.

நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். "என்ஜின்னா அது தன்னால எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் இழுக்கணும். சாராயத்தை ஊத்திவிட்டா எவனும் நாலு மூட்டை சேர்த்துத் தூக்குவான். மறுநாள் காலைல எந்திரிப்பானா?"

"அண்ணே, வண்டி சாராயம் குடிக்காதுண்ணே. டீசல்தான் குடிக்கும்" என்றான் ஜெயசீலன்.

"கூடக் குடிக்கும்."

"கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனா அமலோற்பவம் அக்கா நடக்க வேண்டியிருக்காது."

அமலோற்பவம் அக்கா அந்த மூன்று பேரில் ஒருத்தர். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கை. காதர் மைதீன் என்னைப் பார்த்துச் சொன்னான், "பெரியவரே, உங்க வண்டியும் முன்ன மாதிரி ஏறலியே. போன வாரம் ஒரு குடும்பம் பாதி வழியில இறங்கி வேற வண்டி புடிச்சிச்சாமே."

புளுகு. அந்தக் குடும்பத்துக்கு அவசரம். என் வண்டி நிதானமாக ஏறும், அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு பைசா போடவில்லை. கொள்கை. என் கை படாது அதில், என் வண்டிக்கு வேண்டவே வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சாய்ந்து உட்காருங்க, இந்த பஸ்ஸைத் தாண்டிவிடுவோம். மூன்றாவது கியரிலேயே. பார்த்தீங்களா? எப்படி எடுத்தது? கால் பழக்கம் டீச்சரம்மா. எல்லாம் கால் பழக்கம். பின்னால் கறுப்பாகத் தெரிவது பஸ்ஸின் புகை. பஸ்ஸே பின்னால்தான் இருக்கிறது, சரிதான். மலையில் காற்று திரும்பித் திரும்பி அடிக்கும்.

எங்கே விட்டேன்? வாங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி வந்தது. சாமி படம், மாதா படம், மக்கா படம் மூன்றும் இருக்கிற எங்க பலகைக்கு முன்னால் வைத்துச் சூடம் ஏற்றினார்கள். நான் என் வண்டிக்குள் உட்கார்ந்து, வெறுமனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. நான் ஏன் போகவேண்டும்? கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

காதர் மைதீன் வந்தான். "பெரியவரே, நீங்கதான் வேணாம்னுட்டீங்க. அதனால ஜெயசீலன் வண்டிக்கே முதல்ல போட்டுடறோம்."

"தாராளமா" என்றேன்.

"கோவமில்லையே?"

"எனக்கென்ன கோவம். முப்பத்தோரு வருஷமா முதல் கை என் வண்டிக்கு. இன்னிக்கு இல்லைன்னா இல்லை. ஆனா ஒண்ணு. இனிமே வளைவுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சாதாரணமாகச் சொன்னேன். காதர் மைதீன் திரும்பிப் போய் அவங்களோடு குசுகுசுவென்று பேசினான். மலையில் வண்டி ஓட்டுகிறவன் எல்லாரும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன். கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலனே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணே, வழக்கத்தை ஏன் மாத்தணும். உங்க வண்டியில தொட்டுக் குடுங்க, அப்புறம் எனக்கு." பணிவுள்ளவன்தான் அப்போதெல்லாம்.

வேண்டாம் என்று சொன்னவன்தான் நான். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கதவைத் திறந்துவிட்டேன்.

வாயை வைத்து அமுக்கினான். ஒட்டிக்கொண்டது. உடம்பு கூசியது எனக்கு. பெட்டியில் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது, அதை எடுத்துப் பிரித்து, "இருங்கண்ணே, இதுல என்னமோ போட்டிருக்கு, ஒரு வண்டிக்குன்னு..." என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். மறுபடி ஏற்றின சூடம் எரிந்துகொண்டிருக்கிறது. நேரம் போகிறது. "சூடம் எரியும்போது காகிதம் படிக்காதேடா, அமுக்கு" என்றேன். அமுக்கினான்.

பத்து நிமிஷத்தில் முடிந்தது. கழற்றி அவன் வண்டியில் மாட்டினான். அது மாட்டேன் என்றது. மறுபடி மாட்டினான். மாட்டேன் என்றது. காதர் மைதீன் வண்டியில் மாட்டினார்கள். மாட்டேன். எல்லாரும் வேர்த்துப்போய் பெட்டியை விற்ற கடைக்காரனுக்குப் போன் போட்டார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? முதலில் எந்த வண்டியில் தொடுகிறதோ அந்த வண்டிக்கே அது சொந்தமாம். தாலி கட்டின மாதிரி. ஒரு வண்டிக்கு ஒன்று. தாளில் முதல் வரியே அதுதானாம்.

பார்த்தீங்களா, படித்தவன் செய்கிற வேலையை? கயிறு எத்தனை வண்டியை வேண்டுமானாலும் இழுக்கும். ஜாக்கி எந்த வண்டியையும் தூக்கும். இப்படி ஒருத்தனுக்கே ஒட்டிக்கொள்கிற சாமானை யாராவது செய்வானா?

எலுமிச்சம்பழம் ஒன்று அந்தத் தட்டில் இருக்கிறது, முகர்ந்துகொள்ளுங்க. பாதி தாண்டிவிட்டோம்.

கடைக்காரன் இன்னொன்றும் சொன்னான், அதையும் சொல்லிவிடுகிறேன். பழையபடி ஆக்கிவிட்டால் அது விட்டுவிடுமாம். அதாவது, என் வண்டியில் மறுபடி மாட்டி, பழைய பாடத்தையே திருப்பிப் போட்டால், கட்டு அறுந்து அடுத்த வண்டிக்குப் போகலாமாம். அதுவும் பத்து நிமிஷம்தான்.

ஜெயசீலன் முகம் அப்படியே மலர்ந்தது. "அண்ணே, வாங்கண்ணே" என்றான்.

நான் சொன்னேன், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை போட்டதை வெள்ளிக்கிழமையே எடுக்கலாமா?" நியாயம்தானே. சனிக்கிழமை கேட்டான். சனிக்கிழமை எதையும் கழற்றக் கூடாது. அப்புறம் அஷ்டமி. அப்புறம் என் வண்டிக்கு ஒரு கல்யாண ஓட்டம், நடுவில் கையை வைக்க முடியாது. அப்புறம் ஆடி பிறந்துவிட்டது. முதல் கை போட்டதைப் பிடுங்கினால் ராசி என்ன ஆகும்? நான் எனக்காகவா பார்க்கிறேன்? ஸ்டாண்டுக்காகப் பார்க்கிறேன். வண்டி பழையபடி ஆகிவிடுமே என்ற பயமெல்லாம் எனக்கில்லை. அந்த அட்டை என் வண்டியில் ஒன்றும் செய்யவில்லை. வண்டி நன்றாக ஏறுகிறது, உண்மைதான். அந்த வாரம் ஏர் பில்டர் மாற்றினேன், அதனால் ஏறுகிறது.

பொதுச் சாமான், தொலைந்துபோகும் என்று பத்திரமாக என் டப்பாவிலேயே வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரி செண்பகம் இருக்கிறாளே, அவளுக்கு வாய் ஜாஸ்தி. "வண்டிக்கு வேணாம்னா எடுத்துக் குடுத்துட்டு வாய்யா. வேணும்னா வேணும்னு சொல்லு. ரெண்டும் இல்லாம என்ன பேச்சு இது?" என்றாள். பொம்பளைக்கு ஸ்டாண்டு விவகாரம் என்ன தெரியும். நீங்க டீச்சர், உங்களைச் சொல்லவில்லை.

அதோ பலகை. முப்பத்திரண்டு. இங்கே நிறுத்தச் சொல்லாதீங்க, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க. இந்த இடத்தில் அட்டை ஜாஸ்தி. நிஜ அட்டை.

இங்கேதான் அது நடந்தது. ஆடி மாசம், விடாத மழை. பொள்ளாச்சியிலிருந்து காலி வண்டியில் வருகிறேன். ஜெயசீலன் வண்டி வளைவில் நிற்கிறது, பானெட்டில் ஆவி. ஜனங்களை இறக்கி நடக்கவிட்டிருக்கிறான். இரண்டு பேர், கூட வந்தவர் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக மேலே போய்விட்டார்கள். அமலோற்பவம் அக்கா அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்திருக்கவில்லை. ஜெயசீலன் குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான்.

போய்ப் பார்த்தால் செருப்பு நிறைய ரத்தம். அட்டை குடித்துவிட்டு விழுந்துவிட்டது. நமக்கென்றால் கொஞ்ச நேரத்தில் நிற்கும். அந்த ஜனங்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றி அனுப்புவார்களாம். நிற்கவே இல்லை. மழைத் தண்ணியில் கரைந்து ரோட்டில் கோடாகப் போகிறது. நாற்பது வருஷம் கொழுந்துக் காட்டில் ஆயிரம் அட்டையைப் பிய்த்துப் போட்ட அக்கா, ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நான்தான் தூக்கினேன். இப்போது நீங்க உட்கார்ந்திருக்கிற இதே சீட்டில் உட்காரவைத்தேன். மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டேன். என்னோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேர், ஏ.சி. போட்டு, ஒரே மூச்சில் ஏற்றினேன். எங்கேயும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் விட்டு, கட்டுப் போட்டு, பிழைத்துக்கொண்டது. வண்டிக் கால்மிதியை மூன்று தடவை கழுவினேன், வாடை போகவில்லை. கடைசியில் தூக்கியே போட்டுவிட்டேன்.

ஜெயசீலன் ஒரு வார்த்தை நன்றி சொல்லவேண்டுமா இல்லையா? அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். மழையில் நின்றான். அப்புறம் கதவைச் சாத்தினான்.

அடுத்த வாரம் அந்த வீட்டார் என்னிடம் வந்தார்கள். நான் போய்க் கேட்கவில்லை. அவர்களாக வந்தார்கள். "உங்க வண்டிதான் நிக்காம ஏறுது" என்றார்கள். நோயாளிக்கு மாட்டேன் என்று சொல்லலாமா? பாவமில்லையா? செவ்வாய், வியாழன், சனி இப்போது என் ஓட்டம்.

ஜெயசீலன் வீட்டுக்கே வந்தான். செண்பகம் டீ போட்டுக் கொடுத்தாள், அவனுக்கு மட்டும். எனக்கு இல்லை.

"அண்ணே, ஓட்டத்தைக் குடுங்கன்னு கேக்கலை. பத்து நிமிஷம் மட்டும் குடுங்க. என் வண்டி ஏறிச்சுன்னா அவங்களே வருவாங்க. ஏறலைன்னா என் விதி."

"ஆடி முடியட்டும்டா."

"ஆடி முடிஞ்சு நாலு நாளாச்சுண்ணே."

அதை நான் கவனிக்கவில்லை. வேலை நெருக்கம். என்ஜினை வேலை வாங்குவது எப்படி, கியரை எங்கே மாற்றவேண்டும் என்று எல்லாம் அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். கால் பழக்கம் வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டான். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ஒரு மாசத்தில் வண்டியை விற்றுவிட்டான். இப்போது உடுமலைப் பக்கம் யாரிடமோ பால் வண்டி ஓட்டுகிறானாம். சமதளம். அவனுக்கு அதுதான் சரி.

இதில் நான் என்ன தப்புச் செய்தேன்? சொல்லுங்க. அட்டையை வாங்கச் சொன்னேனா? ஒரு பைசா போட்டேனா? வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான். ஆனால் ஸ்டாண்டில் இன்றைக்கு ஒருத்தனும் என்னோடு பேசுவதில்லை. நான் போனால் டீக்கடை பெஞ்சில் இடம் இருக்காது. போன மாசம் புதுக் கயிறு வாங்கினார்கள். சூடம்கூட ஏற்றவில்லை. காதர் மைதீன் நேராக அவன் வண்டியில் மாட்டி இழுத்தான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருஷ வழக்கம். நன்றி கெட்ட கூட்டம். நினைத்தாலே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அமலோற்பவம் அக்கா ஒன்றுதான் பேசுகிறது. போன சனிக்கிழமை இந்த சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே சொன்னது, "வெள்ளை, அட்டை ஒட்டியிருக்கும்போது ஒண்ணுமே தெரியாது பார்த்தியா. அதுபாட்டுக்குக் குடிச்சுக்கிட்டு இருக்கும்." பாவம், இன்னும் அந்தக் காலையே நினைத்துக்கொண்டிருக்கிறது. "புண்ணு ஆறிடும்க்கா" என்றேன். அது திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது.

நாற்பது. அவ்வளவுதான், இனி வளைவில்லை. தண்ணி குடியுங்க. கவரைக் கட்டி அந்தப் பக்கம் வையுங்க, நான் போட்டுக்கொள்கிறேன்.

ஏன் அந்தக் கறுப்புப் பெட்டியை மறுபடி வெளியே எடுக்கிறீங்க? தாளைப் படித்துச் சொல்கிறீங்களா? வேண்டாம் டீச்சரம்மா, இப்போதுதான் வயிறு அடங்கியிருக்கிறது. அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஸ்க்ரீனில் நாலு வரி வரும். மூன்றாவது வரியைத் தொட்டால், பழையபடி ஆக்கட்டுமா என்று கேட்கும். பச்சைக் கட்டம் ஒன்று வரும், சிவப்புக் கட்டம் ஒன்று வரும். பச்சையைத் தொடவேண்டும். அவ்வளவுதான். சிவப்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அப்படியே அணைந்துவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீங்களா?

யாரோ சொன்னார்கள். உள்ளே வையுங்க அதை. துணியில் சுற்றி வையுங்க. ஸ்டாண்டில் நிறுத்தப்போவதில்லை, நேராக உங்க குவார்ட்டர்ஸ் வாசலிலேயே விட்டுவிடுகிறேன்.